வெப்பத்தைக் காணும் கண்: வாளையாறு முதல் குரங்கணி வரை ஒரு கருவித் தேர்வின் வரலாறு

2021 நவம்பர் 26 இரவு, கோவை மாவட்டம் மதுக்கரையை அடுத்த நவக்கரையில், மங்களூரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டு மார்ச்சில் அதே பகுதியில் ஓர் ஆண் யானை ரயிலில் அடிபட்டு, சிகிச்சை பலனின்றி இறந்திருந்தது. 2008 பிப்ரவரியிலும் மதுக்கரைக்கு அருகே ஒரே விபத்தில் மூன்று யானைகள் மாண்டன. இவற்றுக்குப் பின், 2024 பிப்ரவரியில், தமிழ்நாடு வனத்துறை 7.24 கோடி ரூபாய்ச் செலவில் 12 கோபுரங்களை அப்பாதையோரம் நிறுவியது. அவற்றில் 24 கேமராக்கள் பொருத்தப்பட்டன. வெப்பத்தைக் காண்பவையும் ஒளியைக் காண்பவையும் அவற்றுள் உண்டு. யானை தண்டவாளத்தை நெருங்கினால், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அதனை அறிந்து கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து ரயில்வேக்கும் எச்சரிக்கை செல்லும் ஏற்பாடு அது.

தொழில்முறை வெப்பப் படக்கருவி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வெறும் சந்தை விவகாரம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. படப்புள்ளி எத்தனை, வில்லை எவ்வளவு, விலை என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலை எல்லையிலும் நடந்தவற்றைக் கூர்ந்து நோக்கினால், அந்தத் தேர்வுக்குள் மூன்று வரலாறுகள் பின்னியிருப்பது தெரியும்: இருப்புப்பாதையின் வரலாறு, கருவியின் வரலாறு, எல்லையின் வரலாறு.

1. பாதை

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். சென்னை ரயில்வே நிறுவனம் 1856-இல் இராயபுரத்திலிருந்து தொடங்கிய பாதையை மேற்குக் கடற்கரை நோக்கி நீட்டியபோது, மலையைக் குடையாமல் கடக்க இயற்கை தந்த ஒரே வாயில் இதுதான். மறுமுனையில் 1861-இல் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1862-இல் பட்டாம்பிக்கும் போத்தனூருக்கும் இடையிலான பகுதி திறக்கப்பட்டதும் வங்கக் கடலோரமும் அரபிக் கடலோரமும் ரயிலால் இணைந்தன.

அந்தப் பாதை காட்டின் ஓரத்தை ஒட்டி மட்டும் செல்லவில்லை. காட்டை உண்டும் வளர்ந்தது. தண்டவாளங்களுக்கு அடியில் இடும் கட்டைகளுக்கும் எஞ்சின்களின் எரிபொருளுக்கும் தேவைப்பட்ட மரம் காடுகளிலிருந்தே வந்தது. 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன், ரயில்வேயின் மரத் தேவை காடுகள்மீது செலுத்தும் அழுத்தத்தை அக்காலத்திலேயே பதிவுசெய்தார். காட்டு நிர்வாகமும் இருப்புப்பாதையும் ஒரே காலத்தில் பிறந்து, தொடக்கம் முதலே ஒன்றையொன்று எச்சரிக்கையுடன் பார்த்துவந்த நிறுவனங்கள்.

கணவாய் யானைகளுக்கும் ஓர் எல்லை. அதற்கு வடக்கேயுள்ள நீலகிரித் தொகுதி யானைகளுக்கும் தெற்கேயுள்ள ஆனைமலை, பெரியாறு தொகுதி யானைகளுக்கும் இடையே மரபணு வேறுபாடு உண்டு என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே வாளையாறு, மதுக்கரை வட்டாரத்தில் யானைகள் கணவாயைக் கடந்து ஆனைமலைக்குப் போகவில்லை; வடபுற மலையடிவாரத்தில் தீவனத்தையும் நீரையும் தேடி நடக்கின்றன. அந்த நடையின் குறுக்கே எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையில் ‘ஏ’ பாதை, ‘பி’ பாதை என இரண்டு தண்டவாளங்கள் பிரிந்து செல்கின்றன. இவற்றுள் ‘பி’ பாதை காட்டுக்குள் நுழைந்து செல்வது. ஒரே இடத்தில் இரட்டைப் பாதை இருந்திருந்தால் யானைக்கு ஒரு கடப்பு. பிரிந்து செல்வதால் இரண்டு கடப்புகள்.

2. கருவி

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், வெப்பமானி மேலும் உயர்ந்தது. அகச்சிவப்புக் கதிரின் கண்டுபிடிப்பு அது. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி, வெப்பம் பட்டால் மின்தடை மாறும் மெல்லிய உலோகப் பட்டையைக் கொண்டு போலோமீட்டரை உருவாக்கினார். பிற்காலத்தில் அது கால் மைல் தொலைவில் நின்ற பசுவின் வெப்பத்தையும் உணர்ந்தது என்று கூறுவர். விண்மீனை அளக்கப் பிறந்த கருவி கால்நடையையும் காணும் என்பது அன்று ஒரு வேடிக்கைச் செய்தி மட்டுமே.

அதன்பின் கருவியைப் போர் எடுத்துக்கொண்டது. 1929-இல் ஹங்கேரிய இயற்பியலாளர் கால்மான் திஹான்யி, பிரிட்டனின் வான் பாதுகாப்புக்காக அகச்சிவப்பை உணரும் தொலைக்காட்சிக் கேமராவை வடிவமைத்தார். 1965-இல் ஸ்வீடனின் ஆகா நிறுவனம் உயர் அழுத்த மின்கம்பிகளை ஆய்வுசெய்வதற்கான வெப்பப் படக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலக் கருவிகளின் உணரியைக் கடுங்குளிரில் வைத்திருக்கத் திரவ நைட்ரஜன் தேவைப்பட்டது. காட்டுக்குள் இரவெல்லாம் தனித்து நிற்கும் கோபுரத்தில் அத்தகைய கருவியை வைப்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

அதை மாற்றியது மைக்ரோபோலோமீட்டர். 1980-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் ஹனிவெல் நிறுவனம் இரகசியமாக இதை வளர்த்தெடுத்தது. லாங்லியின் பழைய தத்துவமே இங்கும் செயல்பட்டது; ஆனால் வெனேடியம் ஆக்சைடு பூசிய பல்லாயிரம் நுண்பாலங்கள் ஒரே சிலிக்கான் சில்லின்மேல் அமைந்தன. குளிர்விப்புத் தேவைப்படவில்லை. 1990-களின் தொடக்கத்தில் இரகசியம் விலக்கப்பட்டு உரிமங்கள் வழங்கப்பட்ட பிறகே தீயணைப்பு வீரர், மின்வாரியப் பொறியாளர், வன அலுவலர் ஆகியோர் கையில் இந்தக் கருவி வந்துசேரும் வழி திறந்தது.

போர்க்களத்தின் தடம் இன்றும் விலைப்பட்டியலில் இருக்கிறது. பல கருவிகள் விநாடிக்கு 9 படங்கள் மட்டுமே தருவதற்குக் காரணம் பொறியியல் இயலாமை அன்று. அதற்கு மேற்பட்ட வேகமுடையவற்றின் ஏற்றுமதி கடும் கட்டுப்பாட்டுக்கு உட்படும் என்பதே காரணம். எத்தனை படப்புள்ளிகள் இருந்தால் ஒரு பொருளை அடையாளம் காணலாம் என்ற கணக்கும் படைத்துறையிலிருந்து வந்ததே. 1958-இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோலின்படி, இலக்கின் குறுக்கே ஒரு கோட்டு இணை, அதாவது இரண்டு படப்புள்ளிகள், இருந்தால் ‘ஏதோ ஒன்று இருக்கிறது’ எனலாம். நான்கு இணைகள் இருந்தால் ‘இது இன்ன வகை’ எனலாம். ஆறுக்குச் சற்று மேல் இருந்தால் ‘இது இன்னது’ என்றே சொல்லலாம். பீரங்கி வண்டியை நோக்கி வகுக்கப்பட்ட இந்த அளவுகோலே இன்று யானைக்கும் பயன்படுகிறது.

3. தேர்வு

அந்த அளவுகோலை நவக்கரைக் காட்டோரத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். 12 மைக்ரான் அளவுப் படப்புள்ளிகளும் 50 மில்லிமீட்டர் குவியத்தொலைவும் கொண்ட கருவி ஒன்றில், 500 மீட்டர் தொலைவிலுள்ள பொருளின் 12 சென்டிமீட்டர் பகுதி ஒரு படப்புள்ளியில் அடங்கும். இரண்டரை மீட்டர் உயரமுள்ள யானை சுமார் 20 படப்புள்ளிகளை நிரப்பும். ஜான்சன் அளவுகோலில் ஐயமின்றி அடையாளம் காணலாம். அதே உணரியில் 19 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால், அதே யானை 8 படப்புள்ளிகளாகச் சுருங்கும்; வகை தெரியும், அவ்வளவே. ஒரு மீட்டர் உயரக் கன்று மூன்று புள்ளிகளாகிவிடும். ஏதோ இருக்கிறது என்று மட்டுமே சொல்ல இயலும்.

அப்படியானால் நீண்ட வில்லையே சிறந்தது என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் 640 படப்புள்ளி அகலமுள்ள உணரியோடு 50 மில்லிமீட்டர் வில்லை சேர்ந்தால், 500 மீட்டர் தொலைவில் அது காணும் அகலம் 77 மீட்டர் மட்டுமே. குறுகிய வில்லையுடன் அதே உணரி 200 மீட்டருக்கு மேல் காணும். தொலைவைக் கூர்ந்து பார்க்கும் கண் பக்கத்தைப் பார்க்காது. ஆகவே மதுக்கரையின் ஏற்பாட்டில் ஒரே பெரிய கருவி இல்லை. ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் பல கோபுரங்கள் நின்று ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கின்றன. கருவியின் தரத்தைவிட அவற்றின் இடம்பற்றிய சிந்தனை அங்கே முக்கியமானது.

அடுத்தது நேரம். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 80 விநாடி எடுக்கும். அந்த 80 விநாடிக்குள் மென்பொருள் உருவத்தை அறிய வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அதை உறுதிசெய்ய வேண்டும். செய்தி நிலைய அலுவலருக்கும் லோகோ பைலட்டுக்கும் எட்ட வேண்டும். வண்டி வேகம் தணிய வேண்டும். மெதுவாக நடக்கும் யானைக்கு விநாடிக்கு 9 படம் தாராளமாகப் போதும். 30 படத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் இங்குப் பயனில்லை. இழக்கப்படும் நேரம் உணரியில் இல்லை, மனிதர்களுக்கு இடையிலான தொடர்பில் இருக்கிறது. இதனால்தான் தண்டவாளத்திலிருந்து யானை நிற்கும் தொலைவை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனப் பல அடுக்குகளாகப் பகுக்கும் முறை பின்பற்றப்பட்டது. யானை தண்டவாளத்தில் ஏறும்போது கிடைக்கும் எச்சரிக்கையைவிட, மஞ்சள் எல்லையில் கிடைக்கும் எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, பருவநிலை. யானையின் உடல் 10 மைக்ரான் அளவிலான அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர் வீசும். எனவே 8 முதல் 14 மைக்ரான் வரை காணும் குளிர்விக்காத உணரியே பொருத்தமானது. ஆனால் வெப்பப் படக்கருவி காண்பது வெப்பத்தை அன்று, வெப்ப வேறுபாட்டை. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 பாகை செல்சியசைத் தொடும்போது, பாறையும் மண்ணும் யானையின் தோலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நிற்கும் பொழுதுகள் உண்டு. காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் உருவம் பின்புலத்தில் கரைந்துவிடும். பகலெல்லாம் காய்ந்த தண்டவாளச் சரளைக்கற்கள் இருட்டிய பின்னும் ஒளிரும். சேற்றில் புரண்டு வந்த யானை தன் வெப்பத்தைத் தானே மறைத்துக்கொள்ளும். அடர்ந்த உண்ணிச்செடிப் புதர் வெப்பக் கதிரை மறித்துவிடும். தென்மேற்குப் பருவமழையின் சாரலும் மூடுபனியும் அதை மங்கச் செய்யும். பகலில் ஒளிக்கேமராவும் இரவில் வெப்பக் கேமராவும் ஒரே கோபுரத்தில் நிற்பதற்கான காரணம் இதுவே.

இங்கு ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். வெப்பத்தைப் படமாகக் காட்டும் கருவி வேறு. வெப்பநிலையை எண்ணாக அளந்து தரும் கருவி வேறு. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் அதே வாளையாற்றுச் சோதனைச் சாவடியில், அனுமதிச் சீட்டுடன் வந்தவர்களும் அது இல்லாமல் சிக்கிக்கொண்டவர்களும் உடல் வெப்பம் பார்க்கப்படுவதற்காக வரிசையில் நின்றனர். பொதுவான தொழில்துறை வெப்பக் கேமராவின் அளவீட்டுத் துல்லியம் இரண்டு பாகை செல்சியஸ் கூடவோ குறையவோ இருக்கும். இயல்பான உடல் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் உள்ள வேறுபாடே அவ்வளவுதான். யானையைக் காணப் போதுமான கருவி காய்ச்சலைக் காணப் போதாது. ‘நல்ல கேமரா எது’ என்ற கேள்விக்கு ‘எதற்கு’ என்ற எதிர்க்கேள்வி இன்றி விடை இல்லை.

4. எல்லை

மதுக்கரையில் கேமராக்கள் நிறுவப்பட்ட பின் அப்பகுதியில் ரயில் மோதி யானை இறக்கவில்லை என்று வனத்துறை தெரிவித்துள்ளது. ரயில்வே அமைத்த இரண்டு சுரங்க வழிகளும் இதற்குத் துணைநிற்கின்றன. ஆனால் 2024-ஆம் ஆண்டின் கோடையிலேயே, எல்லைக்கு அப்பால் கேரளப் பகுதியில், கஞ்சிக்கோடு, கொட்டேக்காடு வட்டாரத்தில் யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. பாதை ஒன்று, ரயில் ஒன்று, பாலக்காடு ரயில்வே கோட்டமும் ஒன்று. கேமராவின் பார்வை மட்டும் மாநில எல்லையில் நின்றுவிட்டது.

கோட்டம் பின்னர் மேற்கொண்ட முயற்சி வேறு வகையானது. வடகிழக்கு எல்லை ரயில்வேயில் முன்னரே சோதிக்கப்பட்ட முறை அது. தண்டவாளத்தோரம் புதைக்கப்பட்ட ஒளியிழை வடத்தின் வழியே செல்லும் ஒளி, யானையின் காலடி அதிர்வால் மாறுவதை உணர்ந்து எச்சரிக்கும். கேமரா உடலைப் பார்க்கிறது. வடம் நடையைக் கேட்கிறது. முன்னது வனத்துறையின் கருவி, காட்டை நோக்கி நிற்பது. பின்னது ரயில்வேயின் கருவி, தண்டவாளத்தை ஒட்டிக் கிடப்பது. எந்த நிறுவனம் வாங்குகிறதோ அந்த நிறுவனத்தின் ஆட்சிப்பரப்பே கருவியின் வடிவத்தையும் முடிவுசெய்கிறது.

தெற்கே, இடுக்கி எல்லையில் இந்தச் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டக் குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர்; 23 பேர் உயிரிழந்தனர். வெப்பத்தைக் காணும் கண் அப்போதும் வானில் இருந்தது. மோடிஸ் உணரி ஒரு கிலோமீட்டர் அளவிலும், விர்ஸ் உணரி 375 மீட்டர் அளவிலும் தீயைக் கண்டறியும். இந்திய வன அளவீட்டு நிறுவனம் அந்தத் தரவைக் கொண்டு மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. ஆனால் அத்தகைய செயற்கைக்கோள் ஓரிடத்தை ஒரு நாளில் சில முறையே கடக்கும். 375 மீட்டர் சதுரத்தில் தீ இருப்பதை அது சொல்லும். அதே சதுரத்தில் மனிதர் இருப்பதைச் சொல்லாது. காய்ந்த புல் எரியும் சரிவில், அந்த இரண்டு செய்திகளுக்கும் இடையிலான தொலைவே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தொலைவு. யார் எந்த வழியில் ஏறினர், எந்த வழியில் இறங்குகின்றனர் என்ற பதிவேடு அங்கே எந்த உணரியைவிடவும் மதிப்புள்ள கருவியாக இருந்திருக்கும்.

சின்னக்கானலின் அரிக்கொம்பன் மற்றொரு பாடம். 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அந்த யானை, ஒரு மாதம் முடிவதற்குள், மே 27 அன்று எல்லை கடந்து கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதனை மீண்டும் பிடித்துத் தெற்கே கொண்டுசென்றது. அதன் கழுத்திலிருந்த ரேடியோ பட்டை ஒரு யானையின் வழித்தடத்தை இரு மாநிலங்களுக்கும் காட்டியது. வெப்பக் கேமராவுக்கு யானைகளின் பெயர் தெரியாது. பட்டைக்கு ஒரு யானையை மட்டுமே தெரியும். கூட்டமாகக் கடக்கும் இடத்தில் கேமராவும், தனித்துத் திரியும் யானைக்குப் பட்டையும் எனத் தேவை பிரிகிறது.

வால்பாறையில் விடை இன்னும் எளிமையாக இருந்தது. அங்கே யானையால் இறந்தவர்களுள் பெரும்பாலோர், யானை அவ்விடத்தில் இருப்பதை முன்னறியாதவர்கள் என்பதை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் கண்டனர். அதன் அடிப்படையில் 2011 முதல் குறுஞ்செய்தி வழியாகவும், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரிகள் வழியாகவும், கைப்பேசியால் ஒளிரச் செய்யும் சிவப்பு விளக்குகள் வழியாகவும் யானையின் இருப்பு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்கு அறிவிக்கப்பட்டது. இப்பணிக்காக ஆனந்த குமார் 2015-இல் விட்லி விருது பெற்றார். அங்கே உணரியாகச் செயல்பட்டது மனிதக் கண்; விளக்கை எரியவைத்தவர்களும் தொழிலாளர்களே.

5. எஞ்சும் கேள்வி

இந்த நான்கு இடங்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், வெப்பப் படக்கருவியின் தேர்வைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். உணரியின் நுட்பம் ஒரு வரம்பு வரைதான் பயன் தரும். அதற்குப் பின் முடிவைத் தீர்மானிப்பவை மூன்று: கருவி காணும் செய்தி யாரிடம் போகிறது, அவர் எவ்வளவு நேரத்தில் செயல்பட முடியும், அவருடைய அதிகாரம் எந்த எல்லை வரை செல்லும். மதுக்கரையில் இம்மூன்றும் ஓரளவு பொருந்தின. அதனால் அங்குக் கேமரா பலன் தந்தது. குரங்கணியில் முதலாவதே இல்லை. கொட்டேக்காட்டில் மூன்றாவது குறுக்கே நின்றது.

கேமரா வந்ததால் மனிதர் தேவையற்றவர் ஆகிவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. இருட்டில் தண்டவாளத்தோரம் டார்ச் விளக்குடன் நடந்து யானையைத் திருப்பிவிடும் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் உழைப்பு, எச்சரிக்கை மணி அடித்த பிறகே தொடங்குகிறது. லோகோ பைலட்டின் பொறுப்பும் மாறுகிறது. முன்பு ‘தெரியவில்லை’ என்பது அவருடைய உண்மையான விளக்கமாக இருந்தது. எச்சரிக்கை அனுப்பப்பட்டதற்கான பதிவு கணினியில் இருக்கும்போது, அதே விபத்தின் பொருள் சட்டத்தின் முன் வேறாகும். கண்டறியும் கருவி எப்போதும் பொறுப்பைப் பங்கிடும் கருவியும்கூட.

வரலாற்று மாணவர்க்கு இதில் ஒரு வழிமுறைக் குறிப்பும் உண்டு. அரசுத் துறைகள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் பெரும்பாலும் பொறியாளர்களுக்கும் கணக்காளர்களுக்கும் உரியவை என ஒதுக்கப்படுகின்றன. ஆனால் ‘இத்தனை மீட்டரில் இன்ன உருவத்தை அறிய வேண்டும்’ என்ற ஒற்றை நிபந்தனையில், அரசு எந்த உயிரைக் காப்பதற்குரியதாகக் கருதியது, எவ்வளவு நேர இடைவெளியைப் போதுமானதாக மதித்தது, எந்த எல்லையோடு தன் பொறுப்பை முடித்துக்கொண்டது என்பவை எழுதப்பட்டிருக்கின்றன. கிளெக்ஹார்னின் அறிக்கைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காட்டின் ஆவணமாக வாசிப்பதுபோல, இவற்றை இருபத்தோராம் நூற்றாண்டுக் காட்டின் ஆவணமாக வாசிக்க வேண்டும். மூன்று படப்புள்ளிகளாகத் தெரியும் கன்றை யானை என்று கணக்கில் கொள்வதா, பிழைச் செய்தி என்று தள்ளுவதா என்ற முடிவு, அந்த ஆவணத்தின் ஏதோ ஒரு பத்தியில் முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடுகிறது.